லெபனான் காபியை வீட்டில் போட: தூளா, முறையா, பாத்திரமா – எதற்கு முதலிடம்?

லெபனான் காபி போட்டுப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது நீளக் கைப்பிடி வைத்த அந்தச் செம்புப் பாத்திரத்தைத்தான். வாங்கி வந்து, கையில் இருக்கிற ஃபில்டர் காபித் தூளை அதில் போட்டுக் கொதிக்க வைத்து, வாயெல்லாம் திப்பியாக ஒரு கோப்பை குடித்துவிட்டு, பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பணமும் கவனமும் போக வேண்டிய வரிசை வேறு. முதலில் தூள், அடுத்து போடும் முறை, பாத்திரம் கடைசி. ஒவ்வொன்றிலும் நம் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம்.

அதற்கு முன், எந்தக் காபியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அரபு நாட்டுக் காபி என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு வேறு வேறு பானங்கள் அதற்குள் வந்துவிடும். ஒன்று, வளைகுடாவிலும் பாலைவனப் பக்கத்திலும் தல்லா என்ற மூக்கு நீண்ட கூஜாவில் ஊற்றித் தருவது. கொட்டையை லேசாக வறுத்து, கொரகொரப்பாக இடித்து, ஏலக்காய் போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்து, தெளிவை மட்டும் இறுத்துத் தருவார்கள். 2015இல் சவூதி, அமீரகம், ஓமன், கத்தார் நான்கும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது இதைத்தான். இன்னொன்று, லெபனான் நகரங்களான பெய்ரூட்டிலும் திரிபோலியிலும் ஸைதாவிலும் வீட்டுக்கு வீடு அன்றாடம் போடுவது. மாவாக அரைத்த தூள், ரக்வே என்ற சின்னப் பாத்திரம், 60, 70 மில்லி பிடிக்கும் கைப்பிடி இல்லாத கோப்பை. வடிகட்டுவதில்லை, பால் கிடையாது, தூள் கோப்பையின் அடியில் படிந்து நிற்கும். 1516 முதல் 1918 வரை துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியில் இருந்த மண் என்பதால் இது துருக்கிக் காபியின் குடும்பம். ஆனால் போடும் விதத்தில் லெபனான்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு பழக்கம் உண்டு. இந்த இரண்டாவது காபிதான் இங்கே நம் விஷயம்.

தூள்

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபில்டர் காபிக்கு அரைக்கிற தூளை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், மணல் தட்டுப்படும். லெபனான் காபிக்கு அது ஆகாது. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். காரணம் எளிது. இந்தக் காபியில் வடிகட்டி இல்லை. தூள் நைசாக இருந்தால் அதில் ஒரு பகுதி தண்ணீரோடு கலந்து காபிக்கு ஒரு கனத்தைத் தருகிறது; மீதி அடியில் போய்ச் சேறாக இறுகிவிடுகிறது. கொரகொரப்பாக இருந்தால் கனமும் வராது, அடியில் இறுகவும் இறுகாது, ஒவ்வொரு மடக்கிலும் வாய்க்கு வரும். நுரை கட்டுவதும் நைசான தூளில்தான். கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியேறும்போது, குமிழ்களின் மேல் நுண்ணிய துகள்கள் படிந்து அவற்றை உடையாமல் தாங்குகின்றன.

இனி வழிகள். முதல் வழி, லெபனானிலிருந்து வரும் பாக்கெட் தூள். 1957இல் தொடங்கிய கஃபே நஜ்ஜார், மாத்தூக் போன்றவை வெளிநாடுகளிலும் பரவலாகக் கிடைக்கின்றன. துபாய், ஷார்ஜா, தோஹா பக்கம் இருப்பவர்களுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட் எதிலும் இருக்கும். ஏலக்காய் சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டும் இருக்கும். சரியான அரைப்பு, சரியான வறுப்பு, விலையும் கட்டுப்படியாகும். இந்தியாவில் ஆன்லைனில் வாங்கினால் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பாக்கெட் எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்று தெரியாது. இவ்வளவு நைசான தூள் திறந்த நாள் முதலே மணத்தை இழக்க ஆரம்பிக்கும். பெரிய பாக்கெட் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பது வீண். 200 கிராம் பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் போகாத டப்பாவில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, நம் ஊர்க் கொட்டையை வாங்கி அரைத்துக்கொள்வது. இதைக் கேட்டதும் அது எப்படி லெபனான் காபி ஆகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். லெபனானில் காபி விளைவதில்லை. அங்கே வரும் பச்சைக் கொட்டையில் பெரும்பங்கு பிரேசிலிலிருந்து கப்பலில் வருகிறது. லெபனான் வம்சாவளிக் குடும்பங்கள் ஏராளமாக வாழும் நாடு அது; இரண்டு நாடுகளுக்கும் உறவு ஆழமானது. ஆக, அந்தக் காபியை லெபனான் காபி ஆக்குவது கொட்டை விளைந்த மண் கிடையாது. வறுப்பும் அரைப்பும் போடுகிற கையும்தான். ஏற்காட்டிலோ கீழ்ப்பழனி மலையிலோ சிக்கமகளூரிலோ விளைந்த நல்ல அரபிகா கொட்டை இதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். சிக்கரி ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது. டிகாக்ஷனுக்குக் கெட்டியும் நிறமும் தருகிற சிக்கரி, இங்கே தண்ணீரைப் பிசுபிசுப்பாக்கி காபியின் புளிப்பையும் மணத்தையும் மூடிவிடும். அடுத்தது வறுப்பு. நம் கடைகளில் பாலுக்குத் தாங்க வேண்டுமே என்று கொஞ்சம் கூடுதலாகவே வறுப்பார்கள். இதற்கு நடுத்தரமாகவோ அதற்கும் ஒரு படி குறைவாகவோ வறுத்தது வேண்டும். பெய்ரூட் வறுவல் கடைகளில் இளவறுப்பு, கருவறுப்பு இரண்டும் தனித்தனியாக இருக்கும். வருகிறவர்கள் இது பாதி அது பாதி என்று கேட்டுக் கலந்து, கண்முன்னாலேயே அரைத்து வாங்கிப் போவார்கள். 1935இல் தொடங்கிய கஃபே யூனெஸ் போன்ற பழைய கடைகள் இப்படி வறுத்துக் கொடுத்தே பேர் வாங்கியவை. நம் ஊர்க் கடைக்காரரிடமும் அப்படிப் பாதிக்குப் பாதி கேட்டுப் பார்க்கலாம்.

அரைப்பதுதான் மலையேறுகிற வேலை. கடையில் இருக்கும் இயந்திரத்தில் எவ்வளவு நைசாக முடியுமோ அவ்வளவு அரைக்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். எல்லா இயந்திரத்திலும் அந்த அளவு நைஸ் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். வீட்டில் அரைப்பதென்றால், பித்தளையில் உருளையாக வரும் துருக்கி ரகக் கை அரைப்பான் நன்றாக அரைக்கும். இரண்டு கோப்பைக்கு அரைக்கவே கை வலித்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்சார அரைப்பான்களில் பலவும் எஸ்பிரஸ்ஸோ அளவோடு நின்றுவிடுகின்றன. துருக்கி அளவு அரைக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மிக்சி? முடியாது என்று சொல்ல மாட்டேன். சின்ன ஜாரில் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டி, நடுவில் ஜாரை ஆறவிட்டு, மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மறுபடி அரைத்தால் குடிக்கிற மாதிரி ஒரு தூள் கிடைக்கும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மணம் ஜாரிலேயே போய்விடும். இந்தக் காபி நமக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இது போதும், தினசரிக்கு அலுத்துவிடும்.

ஆக, வளைகுடாவில் இருந்தால் பாக்கெட், தமிழ்நாட்டில் இருந்தால் நல்ல வறுவல் கடையின் சிக்கரி இல்லாத நைஸ் தூள். இதுதான் என் பரிந்துரை. செம்புப் பாத்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தை இங்கே போடுங்கள்.

ஏலக்காயும் சர்க்கரையும்

ஏலக்காய் கட்டாயமா என்றால், கட்டாயம் இல்லை. லெபனானிலேயே வீட்டுக்கு வீடு மாறும். ஏலக்காய் கலந்த பாக்கெட்டுக்கும் நாமே சேர்ப்பதற்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். உலக ஏலக்காய் ஏற்றுமதியில் முதலில் நிற்பது குவாத்தமாலா. அதில் பெரும்பகுதி அரபு நாடுகளின் காபிக்குத்தான் போகிறது. ஆனால் ஏலக்காயின் பூர்வீகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வருகிற பச்சை மாறாத காய் எட்டும் தூரத்தில் இருக்கும்போது, மாதக்கணக்கில் தூளாகக் கிடந்த ஏலக்காயை எதற்கு வாங்குவது? மூன்று கோப்பைக்கு ஒரு காய், தோலோடு நசுக்கித் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள். கொட்டையோடு சேர்த்து அரைத்தால் மணம் இன்னும் தூக்கலாக வரும். ஆனால் அடுத்தடுத்த நாள் ஏலக்காய் வேண்டாம் என்று தோன்றினால் வழி கிடையாது.

சர்க்கரை விஷயத்தில் தேர்வு முன்கூட்டியே நடந்தாக வேண்டும். கோப்பையில் ஊற்றிய பிறகு கரண்டி போட்டுக் கலக்கினால் அடியில் படிந்த தூள் எல்லாம் மேலே வந்துவிடும். அதனால்தான் லெபனான் வீடுகளில் விருந்தாளி உட்கார்ந்ததுமே காபிக்குச் சர்க்கரை எப்படி என்று கேட்டுவிடுகிறார்கள். ஸாதா அல்லது முர்ரா என்றால் சர்க்கரையே இல்லை. வஸத் என்றால் நடுத்தரம், கோப்பைக்குச் சுமார் ஒரு சின்னக் கரண்டி. ஹெல்வே என்றால் நல்ல இனிப்பு. வாசனைக்கு மட்டும் என்று ஒரு சிட்டிகை கேட்கிறவர்களும் உண்டு. துக்க வீட்டில் மட்டும் கேள்வியே இல்லை, எல்லோருக்கும் சர்க்கரையில்லாக் கசப்புக் காபிதான். நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டால், முதலில் ஸாதாவைப் போட்டு ஊற்றிவிட்டு, அடுத்த ரக்வேயில் சர்க்கரைக்காரர்களுக்குப் போடுவது சுலபம். ஒரே பாத்திரத்தில் எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டுமென்றால் வஸத்.

போடும் முறை

இங்கேதான் லெபனான் பழக்கம் தனியாகத் தெரிகிறது. துருக்கி முறையில் பச்சைத் தண்ணீர், சர்க்கரை, தூள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, மிகச் சின்னத் தீயில் வைத்து, முதல் முறை பொங்கி வரும்போதே இறக்கிவிடுவார்கள். நுரை தடிமனாக, மெத்தென்று நிற்கும். லெபனானில் பெரும்பாலும் தண்ணீரையும் சர்க்கரையையும் முதலில் கொதிக்க வைக்கிறார்கள், தூளை அப்புறம்தான் சேர்க்கிறார்கள். பிறகு நன்றாகவே கொதிக்க விடுகிறார்கள். நுரையைவிடக் காபியின் திடத்துக்குத்தான் அங்கே மதிப்பு. நுரையே தெரியாத அளவு கொதித்தால்தான் பிடிக்கும் என்கிற பெரியவர்கள் நிறையப் பேர்.

ஷார்ஜாவில் என்னோடு வேலை பார்த்த ஸைதா ஊர்க்காரர் ஒருவர் அலுவலகச் சமையலறையில் தினமும் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குடிக்கிற கோப்பையிலேயே தண்ணீரை அளந்து ஊற்றுவார். கடைசியில் ஆவியாகப் போவதற்கென்று இன்னொரு கால் கோப்பை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ரக்வேயைத் தீயிலிருந்து முழுதாகத் தூக்கிவிடுவார். இந்த ஒரு அசைவு முக்கியம். கொதிக்கிற தண்ணீரில் அடுப்பின் மேலேயே வைத்துத் தூளைக் கொட்டினால் அந்தக் கணமே சீறிப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடும். கோப்பைக்கு ஒரு சின்னக் கரண்டி கும்பாச்சியாக, அதாவது ஆறேழு கிராம். தூள் மேலே மேடாக மிதக்கும். அது நனைந்து உள்ளே இறங்கும் வரை கலக்கிவிட்டு, தீயைக் குறைத்து மறுபடி வைப்பார்.

அப்புறம் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். கண் பாத்திரத்தில்தான். முதலில் ஓரத்தில் ஒரு கருவளையம் தெரியும். அந்த வளையம் மெல்ல உள்நோக்கிச் சுருங்கும், நடுவில் இருக்கும் வெளிர்நிற நுரை மேடு தட்டும், பிறகு மொத்தமாகக் கிளம்பி மேலே ஏறும். விளிம்புக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது தூக்கிவிடுவார், உடனே அடங்கும். மறுபடி வைப்பார். இரண்டாவது முறை கிளம்புவது இன்னும் வேகமாக இருக்கும். மூன்றாவது முறை நுரையின் நிறமே கருத்து, குமிழ் பெரிதாக உடையும். அங்கே நிறுத்திவிடுவார். கரண்டியால் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு ஊற்றுவார்.

இந்த இரண்டு முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வறுப்பை வைத்து முடிவு செய்யலாம். இளவறுப்புத் தூள் கொதியைத் தாங்கும். மூன்று முறை பொங்கவிட்டாலும் கசப்பு ஏறாது. கொதிக்காவிட்டால்தான் புளிப்பாகவும் தண்ணியாகவும் நிற்கும். கருவறுப்புத் தூளை மூன்று முறை கொதிக்க வைத்தால் கரிக் கசப்பு தொண்டையைப் பிடிக்கும். அதற்கு ஒரு பொங்கல், மிஞ்சினால் இரண்டு. கையில் இருப்பது கருவறுப்பு மட்டும்தான், நுரையும் வேண்டும் என்றால் துருக்கி முறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. நான்கைந்து பேருக்கு ஒரே தடவையில் போட வேண்டும் என்றாலும், அவசரம் என்றாலும் லெபனான் முறைதான் கைகொடுக்கும். பச்சைத் தண்ணீரில் ஆரம்பிக்கும் முறை பெரிய ரக்வேயில் பொறுமையைச் சோதிக்கும், தீயைக் கூட்டினால் காரியம் கெட்டுவிடும்.

ஊற்றும்போது நுரை வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு கரண்டி நுரையைப் போட்டுவிட்டு, பிறகு மெதுவாக நிரப்புங்கள். தூள் சீக்கிரம் படிய ஒரு சின்னக் கரண்டி குளிர்ந்த தண்ணீரை மேலே தெளிப்பது பழைய கைவைத்தியம், வேலை செய்கிறது. கூடவே ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பது வழக்கம். கடைசிக் கால் கோப்பையைக் குடிக்காமல் விட்டுவிட வேண்டும்.

ரக்வே

வடிவம்தான் பொருளைவிட முக்கியம். அடி அகலமாக, கழுத்து ஒடுங்கி இருக்க வேண்டும். அப்போதுதான் நுரை ஒரே இடத்தில் திரளும், ஊற்றும்போது தூளும் உள்ளேயே தங்கும். அளவும் அதே அளவு முக்கியம். போடுகிற காபி பாத்திரத்தில் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிற்க வேண்டும். ஆறு கோப்பை ரக்வேயில் ஒரு கோப்பை போட்டால் நுரை பரந்து மெலிந்து காணாமல் போகும். வழக்கமாக எத்தனை பேருக்குப் போடுவீர்களோ அந்த அளவில் ஒன்று வாங்கினால் போதும்.

செம்பு பார்க்க அழகுதான், சூட்டைச் சீராகவும் பரப்பும். தீயைக் குறைத்தால் உடனே கேட்கும். திரிபோலியில் செம்புப் பாத்திரக்காரர்களுக்கென்றே ஒரு பழைய கடைத்தெரு இருக்கிறது, பக்கத்தில் கலமூன் ஊரும் இந்த வேலைக்குப் பேர் போனது. அந்தக் கைவேலைக்குக் கொடுக்கும் விலை நியாயமானது. ஆனால் உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பூச்சில்லாத அலங்காரச் செம்பில் காபி போடக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்து வைத்தால் பூச்சு போய்விடும். தேய்ந்தால் மறுபடி ஈயம் பூச ஆள் தேட வேண்டும். நம் ஊரில் அந்தத் தொழில் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அருகில் ஒருவர் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் யோசியுங்கள்.

லெபனான் வீடுகளில் அன்றாடம் புழங்குவது பெரும்பாலும் அலங்காரமில்லாத ரக்வேதான், எனாமல் பூசியது அல்லது எவர்சில்வர். எனாமல் கழுவச் சுலபம், காபியின் வாசனையைப் பிடித்து வைக்காது, கீழே போட்டால் சில்லு பெயரும். எவர்சில்வர் எதற்கும் அசையாது. அடி மெல்லியதாக இருந்தால் மட்டும் நடுவில் சூடேறி ஒரே இடத்தில் கொப்பளிக்கும், ஆகவே கனமான அடியாகப் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குச் செம்பும் அலுமினியமும் பித்தளையும் முதலிலேயே கழிந்துவிடுகின்றன. காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். ஒட்டினாலும் அடி ரொம்பச் சின்னதாக இருந்தால் பல அடுப்புகள் பாத்திரம் வைத்ததையே கண்டுகொள்ளாது. கேஸ் அடுப்பில் வேறு தொல்லை. தாங்கிகளின் நடுவே ரக்வே சரிந்து விழும். மேலே வைக்கச் சின்ன வளையமோ வலையோ ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். சூடான காபி கையில் கவிழ்ந்தால் விளையாட்டுக் காரியம் கிடையாது.

மின்சாரத்தில் தானாகவே போட்டு, பொங்கும்போது தானாகவே நிறுத்தும் கருவிகளும் இருக்கின்றன. ஒருவர் தனியாக இருக்கிறார், அடுப்பு வைக்க அனுமதி இல்லை என்றால் நல்ல வழி. ஆனால் அவை துருக்கி முறையில் ஒரு பொங்கலோடு நிற்கும்படி செய்யப்பட்டவை, லெபனான் கொதி அதில் வராது. லெபனானில் மின்சாரம் நம்ப முடியாத ஒன்று என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2021இல் அரசு மின்சாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரம் என்ற நிலைக்கு இறங்கியது. அங்கே ரக்வேயும் கேஸ் அடுப்பும் நிலைத்து நிற்பதற்கு ருசி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இரண்டு பேருக்குப் போடும் வீடு, கேஸ் அடுப்பு என்றால் என் தேர்வு கனமான அடி கொண்ட மூன்று கோப்பை எவர்சில்வர் ரக்வே. ருசி பிடித்துப்போய், வாரம் முழுக்கப் போடுகிற பழக்கமும் வந்துவிட்டால் செம்புக்கு மாறலாம். ரக்வேயே கிடைக்கவில்லை என்றால் கழுத்து ஒடுங்கிய சின்னச் சொம்பு ஒன்றில் ஆரம்பிக்கலாம். அகலமான டீ போடும் பாத்திரம் மட்டும் வேண்டாம். கோப்பைக்கும் அதே கணக்கு: சின்னது, தடிமனான பீங்கான். நம் டபரா தம்ளரில் ஊற்றினால் இந்தக் கொஞ்சக் காபி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும்.

கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு

வடிகட்டாமல் கொதிக்க வைக்கும் காபியில் காஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப்பொருள் கோப்பைக்கு வந்துவிடுகிறது. காகித வடிகட்டி அதைப் பிடித்து நிறுத்தும். ரக்வேயில் அதற்கு வழியில்லை. தினமும் பல கோப்பை குடித்தால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை விருந்தாளி வரும் நாளுக்கென்று வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்கு வடிகட்டின காபியிலேயே இருப்பது நல்லது.

இரவில் தூக்கம் கெடக் கூடாது என்கிறவர்களுக்கு லெபனானிலேயே ஒரு மாற்று இருக்கிறது. அஹ்வே பைதா, அதாவது வெள்ளைக் காபி என்பார்கள். அதில் காபி ஒரு துளியும் கிடையாது. சுடுதண்ணீரில் நாரத்தைப் பூவின் பூநீர் ஒரு சின்னக் கரண்டி, வேண்டுமானால் சர்க்கரை, அவ்வளவுதான். ஸைதாவுக்குப் பக்கத்தில் மக்தூஷே என்ற ஊர் இந்தப் பூநீர் வடிப்பதற்குப் பேர் போனது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இது ரொம்ப இதமாக இருக்கும். நம் ரோஜாப் பன்னீரை இதற்குப் பதில் ஊற்றாதீர்கள், மணமும் வேறு, ருசியும் வேறு. வளைகுடாவிலிருந்து யாராவது வந்தால் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். செயற்கை எசன்ஸா, பூவிலிருந்து வடித்ததா என்று பாட்டிலில் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும். எசன்ஸ் என்றால் ஒரு கரண்டி ஊற்றினாலே சோப்பு வாடை அடிக்கும்.